தெருப் பிள்ளைகளுக்கு இயேசுவைச் சொல்வது: பெற்றோருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மொட்டைமாடி_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள், சில முஸ்லிம் வீடுகள், மிச்சம் எங்களைப் போல சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள். சனிக்கிழமை சாயங்காலம் என் பிள்ளைகளுக்கு மாடியில் வைத்து வேதாகமக் கதை சொல்லத் தொடங்கினேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே ஏறி வந்து உட்கார்ந்தார்கள், இப்போது பாய் போதவில்லை. அதில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் அம்மாக்களை எனக்குத் தெரியும், தண்ணீர் வண்டி வரும்போது ஒன்றாகக் குடம் வைப்பவர்கள்தான், "அக்கா வீட்டுக்குத்தானே போறான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது விஷயம் என்னவென்றால், மே மாதம் எங்கள் தெருவிலேயே வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, நடத்தலாம் என்று சபையில் முடிவு செய்திருக்கிறார்கள். நோட்டீஸ் மாதிரி ஒன்று கைக்கு வந்தது. "கோடைக்கால மகிழ்ச்சி முகாம். ஓவியம், பாட்டு, கைவேலை, ஸ்போக்கன் இங்கிலீஷ். அனுமதி இலவசம்." இவ்வளவுதான். இயேசு என்ற பேரே அதில் இல்லை. ஏன் என்று கேட்டால், போட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கு ஆண்டவரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இப்படியா? நீங்கள் உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்?

விதைக்கிறவன் எழுதியது:

சிஸ்டர், உங்கள் சபையார் சொல்வதில் தப்பு என்ன இருக்கிறது? ஓவியமும் பாட்டும் உண்மையிலேயே நடக்கத்தானே போகிறது, அது பொய்யில்லையே. நான் பல வருஷமாகக் கிராம ஊழியத்தில் இருக்கிறவன். விசுவாசத்துக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் சின்ன வயசில் கேட்ட ஒரு கதையை, ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். நாலு வயசிலிருந்து பதினாலு வயசுக்குள் விதைத்தால்தான் வேர் பிடிக்கும். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்று கர்த்தரே சொல்லியிருக்கும்போது நோட்டீசில் என்ன போடுவது என்று நாம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். அம்மா அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் யார் சொல்வது?

இரண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

நான் கிறிஸ்தவள் இல்லை. சமையல் பகுதியைப் படிக்க இந்தத் தளத்துக்கு வருவேன், இந்த இழை கண்ணில் பட்டது, பேசாமல் போக முடியவில்லை. தப்பாக எடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகளை இப்படி ஒரு முகாமுக்கு அனுப்பினேன். எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. நோட்டீசில் கைவேலை என்றுதான் இருந்தது. சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்று தெரிந்துதான் அனுப்பினேன், நானே கான்வென்டில் படித்தவள், இயேசு கதை கேட்பதில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டிப் பாடினாள், அவள் அப்பா அதைப் போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அதே மாதத்தில்தான் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. என் மாமியார் விரதம் இருந்து, வெயிலில் நின்று பொங்கல் வைத்து, முதல் பொங்கலை வாழை இலைத் துண்டில் எடுத்துப் பேத்தியிடம் நீட்டினார். "அது பேய்க்குப் படைச்சது ஆச்சி, நான் தொட மாட்டேன்" என்று சொன்னாள். ஏழு வயசு. ஆச்சி இலையை நீட்டின கையோடு அப்படியே நின்றார், நெய் வழிந்து முழங்கை வரைக்கும் ஓடியது. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அவளிடம் கேட்டேன், யார் சொன்னது என்று. முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் "வீட்ல சொல்லாதீங்க, சொன்னா விட மாட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க" என்றாள். கதை சொன்னது எனக்குக் கோபமில்லை. என்னிடம் மறைக்கச் சொல்லிக் கொடுத்ததுதான் கோபம். இன்றைக்கு ஒரு நல்ல மனுஷி "அம்மாவிடம் சொல்லாதே" என்று பழக்கினால், நாளைக்கு ஒரு கெட்ட மனுஷன் அதையே சொல்லும்போது அவள் என்ன செய்வாள்?

சண்டேஸ்கூல்_டீச்சர் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மாமியாரை நினைத்து வருத்தமாக இருக்கிறது. வந்து சொன்னதற்கு நன்றி. நம் ஆட்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

நான் ஓய்வுநாள் பள்ளியிலும் வி.பி.எஸ்.ஸிலும் வெகு காலமாக இருக்கிறவள், தொடக்கநிலைப் பிள்ளைகள்தான் எப்போதும் என் வகுப்பு. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "வீட்டில் சொல்லாதே". இது எந்த வகுப்பிலும் எந்தக் காரணத்துக்காகவும் வரக்கூடாது. நான் புதிதாக வருகிற வாலிபப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது சொல்வது இது: அந்தப் பிள்ளையின் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் நீ சொல்லக் கூசுகிற எதையும் பிள்ளையிடம் சொல்லாதே. இயேசு குருடனைத் தொட்டார், பசித்தவர்களுக்கு அப்பம் கொடுத்தார், சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், உன்னை நேசிக்கிறார் என்று அம்மா முன்னாலேயே சொல்லலாம். உங்கள் ஆச்சி கும்பிடுவது பேய் என்று அம்மா முன்னால் சொல்வோமா? அப்படியானால் பின்னாலும் வேண்டாம். விக்கிரகத்துக்குப் படைப்பது பேய்களுக்குப் படைப்பது என்று 1 கொரிந்தியர் 10இல் இருக்கிறதே என்று யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். அது சபையில் சேர்ந்து, தானாக முடிவெடுத்து, திருவிருந்து எடுத்துக்கொண்டிருந்த வளர்ந்த ஆட்களுக்குப் பவுல் எழுதியது. பெற்றவர்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடுகிற ஏழு வயசுப் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அடுத்து கடைசி நாள் அழைப்பு. எல்லா இடத்திலும் நடக்கிறது. விளக்கைக் குறைத்து, மெல்லப் பாட்டுப் போட்டு, "இயேசுவை உள்ளத்தில் ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்க" என்று சொல்கிறோம். ஏழு வயசு, எட்டு வயசுப் பிள்ளை எதற்குத்தான் கை தூக்காது? பத்து நாளாகப் பாசமாகப் பேசின அக்கா கேட்கிறாள், பக்கத்தில் இருக்கிறவன் தூக்குகிறான், இவனும் தூக்குவான். "யார் ஜூஸ் குடிக்கலை?" என்று கேட்டாலும் அதே கைகள்தான் எழும்பும். அதை எண்ணி, "இத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்" என்று ரிப்போர்ட்டில் எழுதி, பிள்ளைகள் படத்தையும் சேர்த்து, பணம் கொடுக்கிறவர்களுக்கு அனுப்புகிறார்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையின் படம் எங்கேயும் போகக்கூடாது, அதுவும் இந்த மாதிரி எண்ணிக்கைக்குப் பக்கத்தில் போகவே கூடாது. எங்கள் வகுப்பில் நான் கை தூக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். கேள்வி இருக்கிறவர்கள் முடிந்ததும் வந்து கேளுங்கள் என்பதோடு சரி. வருகிற பிள்ளை உண்மையாகவே கேட்டு வரும்.

இன்னொன்று, இது பேச்சோடு பேச்சாக. பிள்ளைகளுக்குச் சுவிசேஷம் சொல்லக் காட்டுகிற அந்த ஐந்து நிறப் புத்தகம் எல்லாருக்கும் தெரியும், எழுத்தே இல்லாமல் நிறம் மட்டும் இருக்கும். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற போதகர் பிரசங்கத்தில் சொன்னது, அவரிடம் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றுதான். பொன் நிறத்தை 1875இல் டி.எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் சேர்த்தார், பச்சை அதற்கும் பின்னால் வந்தது. பாடம் சொல்ல வசதியானதுதான். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் முன்னால் கறுப்புத் தாளைக் காட்டிப் "பாவம்" என்றும் வெள்ளைத் தாளைக் காட்டிப் "பரிசுத்தம்" என்றும் சொல்லும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் நிறத்தை வைத்துக் கேலி கேட்டு வருகிற பிள்ளை அது. நான் இப்போது அழுக்குத் துணி ஒன்றையும் துவைத்த துணி ஒன்றையும் வைத்துச் சொல்கிறேன், அதுவே போதும்.

விதைக்கிறவன் எழுதியது:

டீச்சரம்மா, கை தூக்குகிற விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சகோதரி மகளிடம் வீட்டில் சொல்லாதே என்றது தவறு, அதிலும் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பெற்றோர் சம்மதித்தால்தான் சுவிசேஷம் என்று வைத்தால் வேதம் என்னாவது? தீமோத்தேயு சிறுவயது முதல் பரிசுத்த வேத எழுத்துக்களை அறிந்தவன் என்று இருக்கிறதே.

நடுவீட்டுப்_பையன் எழுதியது:

அண்ணே, தீமோத்தேயுவுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? பாட்டி லோவிசாளும் அம்மா ஐனிக்கேயாளும். வீட்டு ஆட்கள். அவன் அப்பா கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது, ஆக இரண்டு வழிபாடு கலந்த வீடாகத்தான் இருந்திருக்கும். அதே அதிகாரத்தில் பிலிப்பி சிறைச்சாலைக்காரனைப் பாருங்கள், நடு ராத்திரியில் பவுல் அவன் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. அவனிடமும் அவன் வீட்டார் எல்லாரிடமும் சேர்த்துத்தான் வசனத்தைச் சொன்னார்.

நான் இந்து வீட்டில் பிறந்தவன். தெருவில் ஒரு டெய்லர் மாமா இருந்தார், மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் வீட்டுப்பாடம் எழுதுவோம், அவர் தைத்துக்கொண்டே கதை சொல்வார். தாவீது, யோசேப்பு, அப்புறம் இயேசு. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், எனக்கும் உங்கள் சாமிதான் வேணும் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே சர்ச்சுக்குக் கூட்டிப் போயிருப்பார். அவர் ஊசியை நிறுத்திவிட்டு, "உங்க அப்பாகிட்ட சொன்னியாடே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, நீ ஜெபம் பண்ணு, உன்னை யாரும் தடுக்க மாட்டாங்க. அப்பா சொல்லைக் கேளு, படி. பெரிய ஆளாகி நீயே உங்க அப்பா முன்னால உக்காந்து சொல்லணும், அதுக்கு முன்னால முழுக்கு பேச்சு எடுக்காதே" என்றார். முழுக்கு என்று அவர் சொன்னது ஞானஸ்நானத்தை. எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தது, என்னை வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்தேன்.

வேலைக்குப் போன பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு மாதம் பேசவில்லை. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை, "அந்த டெய்லர் என் பிள்ளையைக் கெடுத்துட்டான்" என்று. ஏனென்றால் டெய்லர் மாமா அப்பாவிடம் எதையும் மறைத்தது இல்லை, என்ன கதை சொல்கிறேன் என்று அப்பா பேன்ட் தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம் சொல்வார். இப்போது எங்கள் சபையின் அசன விருந்துக்கு அப்பா வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், நான் கொடைக்கு வரி கொடுக்கிறேன், பொங்கல் மட்டும் எடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அவரும் நீட்டுவதில்லை. எட்டாம் வகுப்பிலேயே ஒளித்து மறைத்து முழுக்கு எடுத்திருந்தால் எனக்கு இன்றைக்கு அப்பாவும் இருந்திருக்க மாட்டார், என் விசுவாசம் என்னவாகியிருக்குமோ அதுவும் தெரியாது.

பழைய_ஏடு எழுதியது:

இந்தச் சண்டை நம் ஊரில் புதிது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, பிற்பாடு கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே 1841இல் சில இந்து மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொதித்தது, பெற்றோர் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். 1842இல் பச்சையப்பர் பெயரில் பள்ளி தொடங்கியபோது, மிஷன் பள்ளி வேண்டாம் என்ற குடும்பங்களுக்கு அது ஒரு மாற்று வழியாக அமைந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பிள்ளைகள் சைவப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்ற கவலைதான் அதற்கு அடிப்படை.

இதில் மிஷனரிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை, அவர்கள் திறந்த பள்ளியில்தான் என் தாத்தா எழுத்துக் கூட்டினார். ஆனால் பெற்றவர்களுக்கு ஒரு தடவை நம்பிக்கை போய்விட்டால் கதை சொல்கிற வாய்ப்பும் சேர்ந்து போய்விடும். பிள்ளைகளை நிறுத்தியவர்கள் வேதத்தை வாதம் பண்ணி நிறுத்தவில்லை, பயந்து நிறுத்தினார்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அரசியல் சாசனம் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உன் மதத்தை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு, இன்னொருவரை மதம் மாற்றுவது என்பது உரிமை ஆகாது என்று பிரித்துச் சொன்னது. 28ஆவது பிரிவில், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற கல்வி நிறுவனத்தில் சிறுவரை மத போதனையில் கலந்துகொள்ள வைக்க வேண்டுமானால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் மொட்டைமாடி அந்தக் கணக்கில் நேரடியாக வராது, ஆனால் பிள்ளை விஷயத்தில் பெற்றவரைக் கேள் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொண்டார்கள். மற்ற சில மாநிலங்களில், உத்தரப்பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களில், இருக்கிறது. அங்கே சிறுவர் சம்பந்தப்பட்டால் தண்டனை கூடுதல். இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், "ஆசை காட்டி" என்ற குற்றச்சாட்டு எங்கே பிறக்கிறது தெரியுமா? இலவச ஸ்கூல் பேக், ஜியாமெட்ரி பாக்ஸ், ஜெபத்துக்கு வருகிறவனுக்குப் பரிசு. சுண்டலும் ரஸ்னாவும் எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுங்கள். கதை நேரத்துக்கு உட்காராமல் விளையாட மட்டும் வந்த பிள்ளைக்கும் அதே சுண்டல். வசனம் ஒப்பித்தால் பரிசு என்பதை வேற்று மதப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வைக்காதீர்கள்.

மொட்டைமாடி_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு_பிள்ளை_அம்மா, உங்களுக்குத் தனியாக. நீங்கள் எழுதியதை அப்படியே சபைக் கமிட்டியில் வாசித்தேன், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயரும் நோட்டீசை மாற்றச் சொல்லிவிட்டார். இப்படி எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

"மே மாதம் மாலை 4 மணி முதல் 6 மணி வரை சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. இயேசு கிறிஸ்துவைப் பற்றிய கதைகள் சொல்லப்படும், பாடல்கள், ஜெபம் உண்டு. ஓவியமும் கைவேலையும் உண்டு. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். கதையும் ஜெபமும் 5 மணி வரை, ஓவியத்துக்கு மட்டும் வர விரும்புகிறவர்கள் 5 மணிக்கு வரலாம். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். படம் எடுப்பதில்லை."

கீழே என் வீட்டு எண்ணும் இன்னொரு டீச்சர் போன் நம்பரும். நோட்டீசைச் சுவரில் ஒட்டாமல் வீடு வீடாகப் போய் அம்மாவிடமோ அப்பாவிடமோ கையில் கொடுக்கப் போகிறோம்.

இரண்டு_பிள்ளை_அம்மா எழுதியது:

இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருந்தால் நான் 4 மணிக்கே அனுப்பியிருப்பேன். ஒன்று சேர்க்க முடியுமா பாருங்கள்: அன்றன்றைக்கு என்ன கதை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். ராத்திரி சாப்பிடும்போது நான் அதை வைத்துப் பேசுவேன். இவள் கேட்கிற கேள்விக்கு எங்கள் பக்கம் என்ன சொல்வோம் என்பதையும் நான் சொல்லிக் கொடுப்பேன், அது உங்களுக்குச் சம்மதம்தானே?

மொட்டைமாடி_அக்கா எழுதியது:

முழுச் சம்மதம். துண்டுத் தாள் நல்ல யோசனை, செய்கிறோம்.

விதைக்கிறவன் எழுதியது:

எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்படிப் போட்டால் வருகிற பிள்ளைகள் குறைவார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் டெய்லர் மாமா கதை மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒரு கேள்வி கேட்கிறேன், இது நிஜமாகவே எனக்கு வந்த கேள்வி. ஜெப விண்ணப்பம் கேட்கும்போது ஒரு பையன் "எங்க அப்பா குடிச்சுட்டு வந்து அம்மாவையும் என்னையும் பெல்ட்டால அடிக்கிறார், ஜெபம் பண்ணுங்க" என்றான். பெற்றோரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்கிறீர்களே, இதை அந்த அப்பாவிடம் போய்ச் சொல்வதா?

சண்டேஸ்கூல்_டீச்சர் எழுதியது:

இல்லை சகோ, அப்பாவிடம் போய்ச் சொன்னால் அன்றைக்கு ராத்திரி பையனுக்குத்தான் கூடுதல் அடி விழும். நான் சொன்னது நாம் சொல்லித் தருவதைப் பற்றி. நாம் பிள்ளையிடம் பேசுவதைப் பெற்றவரிடம் மறைக்கக்கூடாது, அவ்வளவுதான். பிள்ளை வந்து சொல்கிற அடியும் காயமும் வேறு.

முதலில் எல்லார் முன்னாலும் அதை நீட்டாதீர்கள், "நல்லது தம்பி, சொன்னதுக்கு நன்றி" என்று நிறுத்திவிட்டு, வகுப்பு முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் இருக்கிற இடத்தில், கதவு திறந்திருக்க, பேசுங்கள். தனியறை வேண்டாம், எந்தப் பிள்ளையோடும் எந்த ஆசிரியரும் தனியாக இருக்கக்கூடாது என்பது எங்கள் வகுப்பில் கண்டிப்பு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன் என்று அவனிடமே சொல்லுங்கள். அம்மாவும் அடி வாங்குகிறவர் என்பதால் பக்குவமாக அவரிடம் பேசுங்கள். அப்புறம் 1098க்குப் போன் பண்ணுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். பாலியல் தொந்தரவு என்று பிள்ளை சொன்னால் யோசிக்கவே வேண்டாம், 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறையில் சொல்லியே ஆக வேண்டும், செய்தவர் நம் சபை ஆளாக இருந்தாலும் சரி.

கருப்புக்கோட்டு எழுதியது:

டீச்சர் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பையன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள், அது விசாரிக்கிறவர்கள் வேலை.

விதைக்கிறவன் எழுதியது:

சரி. இன்றைக்கே பண்ணுகிறேன். அந்தப் பையனுக்காக எல்லாரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.